ஏர் டேமைக் கழற்றுவதா, வெட்டுவதா, விட்டுவைப்பதா? இட்டேரிக்கும் பைபாஸுக்கும் ஓடும் பிக்கப்புக்கு ஓர் ஒப்பீடு

பிக்கப் வண்டியின் முன் பம்பருக்கு அடியில் கையகலத்துக்குத் தொங்கும் கருப்பு பிளாஸ்டிக் பட்டைதான் ஏர் டேம். லிப் என்று கேட்டாலும் பட்டறையில் புரிந்துகொள்வார்கள். இட்டேரியில், அதாவது தோட்டங்களுக்கு இடையே ஓடும் வண்டித்தடத்தில் போய், வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது முதலில் உரசுவது அதுதான். ஒரு பக்கம் கிளிப் விட்டுத் தொங்க ஆரம்பித்ததும், "கழட்டி எறிஞ்சிருங்க, ஒண்ணும் ஆவாதுங்க" என்பார் ஒருவர். "கழட்டுனா இன்ஜின் சூடாயிருமுங்க" என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்பதை, வண்டி எந்த வேகத்தில் அதிகம் ஓடுகிறது என்பதுதான் முடிவு செய்யும்.

அது செய்யும் வேலை

பிக்கப்பின் அடிப்பக்கம் வழுவழுப்பாக இருக்காது. ஏணிச் சட்டம், சைலன்சர் குழாய், புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் என்று காற்று மோதிச் சிதற எத்தனையோ இடங்கள் உண்டு. அப்படிச் சிதறும் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். ஏர் டேம் அந்தக் காற்றில் ஒரு பங்கை அடியில் புகவிடாமல் பக்கவாட்டில் ஒதுக்கிவிடுகிறது. இது பலருக்கும் தெரிந்த வேலை.

தெரியாத வேலை ஒன்றும் உண்டு. வண்டி வேகமாகப் போகும்போது ஏர் டேமுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. கிரில் வழியாக நுழைந்து, ஏசி கண்டன்சரையும் ரேடியேட்டரையும் கடந்து வந்த சூடான காற்று இன்ஜின் அறையிலிருந்து கீழே இறங்கி வெளியேற, அந்தக் குறைந்த அழுத்தம் உதவுகிறது. ஏர் டேம் இல்லையென்றால், அடியில் புகும் காற்று இந்த வெளியேறும் வழியில் குறுக்கே நிற்கும். வெளியே போகும் காற்று குறைந்தால் கிரில் வழியாக உள்ளே வருவதும் குறையும்.

1982 முதல் 1992 வரை வந்த அமெரிக்க செவர்லே கமாரோ கார் இதற்கு நல்ல சாட்சி. ரேடியேட்டருக்கான காற்றைப் பெரும்பாலும் பம்பருக்கு அடியிலிருந்தே எடுக்கும் அமைப்பு அது. ஏர் டேம் உடைந்து விழுந்தால் ஊருக்குள் ஒழுங்காக ஓடிவிட்டு, நெடுஞ்சாலையில் சூடேறும். மறுபக்கம், 2019 மாடல் ராம் 1500 பிக்கப்பில் ஏர் டேம் தானாக இயங்கும். மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கிமீ தாண்டினால்தான் 2.5 அங்குலம் கீழே இறங்கும். அந்த வேகத்துக்குக் கீழே அது தேவையில்லை என்று தயாரித்தவர்களே கருதியிருக்கிறார்கள்.

காரணம் எளிய கணக்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 40 கிமீயில் இருக்கும் எதிர்ப்பு 80 கிமீயில் 4 மடங்கு, 100 கிமீயில் 6 மடங்குக்கும் மேல். 2 டன் அளவுள்ள பிக்கப் சமதளத்தில் 40 கிமீயில் ஓடும்போது, அது சமாளிக்கும் மொத்த எதிர்ப்பில் காற்றின் பங்கு ஏறத்தாழ கால்வாசிதான். 100 கிமீயில் அது மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிடும்.

நம் பக்கத்தில் இதோடு பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் சேர்க்க வேண்டும். பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரத்தில் காற்றாலைகளை நட்டதே அந்தக் காற்றை நம்பித்தான். ஆடியில் மேற்கு நோக்கி 80 கிமீயில் போகிறீர்கள், எதிர்க்காற்று 30 கிமீ வேகத்தில் அடிக்கிறது என்றால், வண்டிக்கு அது 110 கிமீ காற்று. எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. வேக முள்ளை மட்டும் பார்த்து "நான் எண்பதுக்கு மேல் போவதில்லை" என்று சொல்வது அந்த மாதங்களில் கணக்காகாது.

முதலில் அளந்து பாருங்கள்

உரசுகிறது என்றால் எங்கே, எவ்வளவு என்று தெரிய வேண்டும். டேங்க் நிறைய டீசல், பின்னால் சுமை இல்லை, டயரில் சரியான காற்று: இந்த நிலையில் சமதளத்தில் நிறுத்துங்கள். பின்னால் சுமை ஏற்றினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஆகவே காலி வண்டிதான் மோசமான நிலை. ஏர் டேமின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு நூலை இழுத்து, முன் டயரின் கீழ் வளைவை உரசியபடி தரை வரை கொண்டுவாருங்கள். நூல் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து விளிம்புக்கு நேர் கீழ் வரை எத்தனை செமீ, விளிம்பின் உயரம் எத்தனை செமீ என்று குறித்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாகத் தூரம் 65 செமீ, உயரம் 25 செமீ என்றால் முன் ஏறுகோணம், அதாவது மூக்கு உரசாமல் ஏறக்கூடிய சரிவு, ஏறத்தாழ 21 பாகை. 8 செமீ ஆழமுள்ள ஏர் டேமைக் கழற்றி உயரம் 33 செமீ ஆனால் 27 பாகை வாக்கில் வரும். 6 பாகை என்பது சிறிய ஆதாயமில்லை. ஆனால் பம்பரே அதைவிடத் தாழ்ந்திருந்தாலோ, கழற்றிய பிறகு இன்ஜினுக்கு அடியில் மூடியிருக்கும் அண்டர் கவர் முதலில் இடித்தாலோ அந்த ஆதாயம் காகிதத்தில்தான் இருக்கும். கழற்றுவதற்கு முன்பே குனிந்து, அடுத்துத் தாழ்வான பொருள் எது என்று பார்த்துவிடுங்கள்.

பிரேக் அடிக்கும்போது மூக்கு சில செமீ தாழும் என்பதையும் மறக்க வேண்டாம். வேகத்தடையில் உரசுபவர்களில் பலர் தடைக்கு மேலே ஏறும்போதும் பிரேக்கை மிதித்தபடியே இருப்பார்கள். தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறும் கணத்தில் காலை எடுத்தால் பாதி உரசல் நின்றுவிடும்.

வண்டியைத் தொடாத ஒரு வழி

ஒப்பீட்டில் யாரும் சேர்க்காத வழி இது. எங்கள் கருத்தில் பல தோட்டக்காரர்களுக்கு இதுதான் முதல் வழி. உரசுவது ஒரே ஒரு இடத்தில் என்றால், அதாவது தோட்டத்து வாசல், கீழ்பவானி அல்லது பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) கிளை வாய்க்காலின் சிறு பாலம், இட்டேரியிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் முனை என்றால், வண்டியை வெட்டாமல் மண்ணைத் திருத்துங்கள்.

30 செமீ உயரப் பாலத்துக்கு 15 பாகைச் சரிவு வேண்டுமானால் 1.1 மீட்டர் நீளம் போதும், 1.2 என்று வைத்துக்கொள்வோம். பாதை அகலம் 3 மீட்டர் என்றால் ஒரு பக்கத்துக்கு அரை கன மீட்டருக்குச் சற்று மேல், சுமார் 19 கன அடி கிராவல் ஆகும். இரண்டு பக்கமும் சேர்த்து அரை யூனிட்டுக்கும் (ஒரு யூனிட் 100 கன அடி) குறைவு. ஒரே தடவையாகக் கொட்டாமல் 10 செமீ அடுக்காகக் கொட்டி, நனைத்து, வண்டியையே ஏற்றி இறக்கி இறுக்க வேண்டும். இறுக்காத மண்ணில் சக்கரம் அழுந்தும், அப்போது ஏர் டேம் மறுபடியும் உரசும். வாய்க்கால் நீர்வளத்துறைக்குச் சொந்தமானால் கரையைத் தொட அனுமதி வேண்டும். உங்கள் எல்லைக்குள் இருக்கும் சரிவை மட்டும் திருத்துங்கள்.

பள்ளம், ஓடை கடக்கும்போது நேராக இறங்காமல் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக இறக்குவதும் ஏர் டேமைக் காப்பாற்றும். ஆனால் சாய்ந்து கவிழும் அளவுக்குச் சரிவான கரையில் இதைச் செய்யாதீர்கள்.

அப்படியே விட்டுப் பழுது பார்ப்பது

அவிநாசி, பெருந்துறை வழியாகத் தேசிய நெடுஞ்சாலை 544-இல் தினமும் 90, 100 என்று ஓடும் வண்டிக்கு இதுதான் சரி. கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 20,000 கிமீ நெடுஞ்சாலை ஓட்டம், லிட்டருக்கு 12 கிமீ என்றால் 1,667 லிட்டர் டீசல். ஏர் டேம் போனதால் 2 சதவீதம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால் 33 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். வருடத்துக்கு 3,000 கிமீ மட்டுமே பைபாஸில் ஓடும் தோட்டத்து வண்டிக்கு அதே கணக்கு 460 ரூபாய்தான். முதலாமவருக்கு ஏர் டேமைக் காப்பாற்றக் காரணம் இருக்கிறது. இரண்டாமவர் டீசலை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை, சூட்டை மட்டும் பார்த்தால் போதும்.

விடுவதென்றால் தொங்கவிடக்கூடாது. 1.5 மீட்டர் அகலம், 10 செமீ ஆழமுள்ள பட்டையின் மீது 100 கிமீ வேகத்தில் காற்று தள்ளும் விசை 6, 7 கிலோ எடைக்குச் சமம். பத்து கிளிப்பில் நான்கு உடைந்தால் அந்தப் பாரம் மீதி ஆறுக்கும் போகும். ஓரத்துக் கிளிப் அடுத்து உடையும், பட்டை மடங்கி முன் டயருக்குள் போகும். டயரில் சிக்கிய பட்டை, சக்கர வளைவின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையான வீல் ஆர்ச் லைனரையும் சேர்த்துப் பிய்த்துவிடும். கிளிப் உடைந்தால் அதே துளை அளவுக்குப் புதிய கிளிப் போடுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், அது பிளாஸ்டிக் துளையை அறுத்துப் பெரிதாக்கும். பட்டையில் விரிசல் விட்டிருந்தால், விரிசல் முடியும் இடத்தில் 5 மிமீ துளை போட்டால் மேலே ஓடாது. இவை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். சூப்பர் க்ளூவும் எபாக்ஸியும் பிடிக்காது. பிளாஸ்டிக் வெல்டிங்தான் நிற்கும்.

முழுதாகக் கழற்றுவது

நாள் முழுக்கத் தென்னந்தோப்புக்கும் மண்டிக்கும் இடையே 30, 40 கிமீயில் ஓடி, மட்டையும் கல்லும் மிதித்துப் போகும் வண்டிக்கு இது பொருந்தும். கழற்றுவது அரைமணி வேலை. அதற்குப் பின்னால் செய்ய வேண்டிய வேலைதான் முக்கியம், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

கைபிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்புங்கள். அப்போது வீல் ஆர்ச்சுக்குள் கை போகும். ஜாக்கியில் தூக்கினால், சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு வைக்காமல் உடலை உள்ளே நுழைக்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் 10 நம்பர் ஸ்பானர் பிடிக்கும் 6 மிமீ போல்ட், பிளாஸ்டிக் புஷ் கிளிப், தகட்டு ஸ்ப்ரிங் நட்டு ஆகிய மூன்றும் கலந்திருக்கும். போல்ட் துருவேறியிருந்தால் ஆயில் தெளித்து 15 நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டால் ஸ்ப்ரிங் நட்டு பிளாஸ்டிக்குக்குள்ளேயே சுற்றத் தொடங்கும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். புஷ் கிளிப்பின் நடுக்குச்சியை முதலில் தூக்கிவிட்டுத்தான் முழுக் கிளிப்பை இழுக்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள். கடைசி இரண்டு போல்டை ஒருவர் பட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கழற்றுங்கள்.

இப்போது உள்ளே பாருங்கள். பல வண்டிகளில் இன்ஜின் அண்டர் கவரின் முன் விளிம்பு இதே போல்டுகளில்தான் சேர்ந்து நிற்கும். ஏர் டேமை எடுத்ததும் அந்த விளிம்பு பிடிப்பில்லாமல் ஆகும். 80 கிமீயில் காற்று அதற்குள் புகுந்து கவரை உப்பவைக்கும். சில வாரங்களில் பின்பக்கத் துளைகள் கிழிந்து, கவர் ரோட்டில் இழுபடும். "ஏர் டேம் கழட்டுனதுக்கு அப்புறம் அடியில டப டபனு சத்தம்" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் மூலம். பழைய துளைகளிலேயே 20 மிமீ நீள போல்ட் போட்டு, 24 மிமீ அகல வாஷரோடு கவரின் விளிம்பைப் பம்பரின் உள் ஓரத்தில் இறுக்குங்கள். 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கம் வேண்டாம், வாஷர் பிளாஸ்டிக்கில் பதிந்தால் போதும். வீல் ஆர்ச் லைனரின் கீழ் முனையும் அவிழ்ந்திருந்தால் அதையும் கட்டுங்கள். மீதித் துளைகளை ரப்பர் குரோமெட்டால் அடையுங்கள்.

அண்டர் கவரையே எடுத்துவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றும். செய்யாதீர்கள். 2020-க்குப் பிந்தைய பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகைக்கரியை எரித்துச் சுத்தம் செய்யும்போது சைலன்சர் பாதை 600 பாகை வரை போகும். அறுவடை முடிந்த சோளக்காட்டில் காய்ந்த தட்டும் புல்லும் அடியில் குவிந்தால் பற்றிக்கொள்ளும். கவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்ததும் குனிந்து அடியில் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சில வண்டிகளில் பம்பருக்குக் கீழ்ப்பகுதியில், உள்ளே ஒரு கெட்டியான குறுக்குச் சட்டம் இருக்கும். நடந்து போகிறவர் மீது வண்டி மோதினால் அவருடைய கால் வண்டிக்கு அடியில் போகாமல் தடுப்பதற்காக வைத்தது அது. ஏர் டேமோடு சேர்த்து அதைக் கழற்றக்கூடாது. அங்கே இருக்கும் மோதல் சென்சார் ஒயரையும் தொடக்கூடாது.

குறைத்து வெட்டுவது

பாதிக்குப் பாதி, தோட்டமும் பைபாஸும் கலந்து ஓடுபவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதையோ அடுத்ததையோதான். 8 செமீ ஏர் டேமில் 4 செமீ குறைத்தால் உரசல் பெரும்பாலும் நிற்கும், காற்றுத் தடுப்பும் முழுதாகப் போகாது. மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டு, ஜிக்சாவில் நுண்பல் பிளேடு போட்டு, குறைந்த வேகத்தில் வெட்டுங்கள். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகிப் பிளேடுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். பட்டையின் கீழ் விளிம்பில் தடித்த ஓரம் ஒன்று வார்த்திருப்பார்கள், அதுதான் அதற்கு விறைப்பு. அது போய்விடுவதால் வெட்டிய பட்டை ஆடும். 20 மிமீ அகல அலுமினியப் பட்டையைப் பின்புறம் வைத்து 15 செமீக்கு ஒன்றாக ரிவெட் அடித்தால் ஆட்டம் நிற்கும். வெட்டிய ஓரத்தை 180, பிறகு 320 நம்பர் தாளில் தேய்த்து உருட்டிவிடுங்கள். கூரான வெட்டுதான் விரிசலின் தொடக்கம்.

ஒரே குறை, வெட்டியதை ஒட்டிப் பழையபடி ஆக்க முடியாது. வண்டியை விற்கும் எண்ணம் இருந்தால் அசல் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வேறொரு பழைய பட்டையை வாங்கி வெட்டுவது நல்லது.

ரப்பர் உதடு

மட்ஃபிளாப்புக்கு வாங்கும், உள்ளே நூல் நெய்த 6 மிமீ ரப்பர் ஷீட்டில் 10 செமீ அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டிப் போடலாம். உரசினால் மடங்கி, மறுபடி நிமிரும். 3 மிமீ ரப்பர் மலிவுதான், ஆனால் 70 கிமீக்கு மேல் படபடவென்று அடித்துக்கொள்ளும், பின்னால் மடிந்து ஏர் டேமின் வேலையையும் செய்யாது. 1.5 மீட்டர் நீளப் பட்டையின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மேல் ஓரத்தில் 25 மிமீ அகல, 3 மிமீ தடிமனான தட்டைப் பட்டையை முன்னால் வைத்து, ரப்பரை நடுவில் நசுக்கி, 12 முதல் 15 செமீக்கு ஒரு 6 மிமீ போல்ட், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் இருக்கும், அதிர்வில் தளராத நட்டு). ரப்பரை நேரடியாக போல்டில் மாட்டினால் போல்ட் தலை கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தட்டைப் பட்டை கட்டாயம்.

சுலபமாகக் கழற்றி மாட்டும்படி அசல் பட்டைக்கே சிறகு நட்டு போடும் யோசனையும் உண்டு. அறுவடைக் காலத்தில் கழற்றிவிட்டு மற்ற மாதங்களில் மாட்டலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் இரண்டாவது முறை கழற்றிய பட்டை தோட்டத்துச் சாளையிலேயே தங்கிவிடும். அதிர்வில் சிறகு நட்டும் தளரும், ஸ்ப்ரிங் வாஷர் அவசியம்.

இரும்பில் கனத்த பம்பர் செய்து மாட்டுவது இந்தப் பட்டியலில் வரக்கூடாது. வண்டிக்கு முன்னால் கூடுதல் இரும்புத் தடுப்பு மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குத் தெளிவாகச் சொன்னது. மோதினால் எதிரில் வருகிறவரும் உள்ளே இருப்பவரும் படும் பாடு வேறு.

மாற்றிய பிறகு சோதனை

டாஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். பல வண்டிகளில் கூலன்ட் சூடு பெரிய எல்லைக்குள் மாறினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் சாக்கெட்) மாட்டும் புளூடூத் கருவி வாங்கி, கைபேசியில் பாகைக் கணக்கில் பாருங்கள். கழற்றுவதற்கு முன்பே ஒருமுறை, கழற்றிய பின் ஒருமுறை. மதியம் ஒரே நேரம், ஒரே சாலை, ஒரே சுமை, ஏசி போட்டு 90 கிமீயில் 20 நிமிடம். காற்று வீசாத நாளாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி எடுங்கள். 2, 3 பாகை கூடினால் பயமில்லை. 5 பாகைக்கு மேல் கூடினாலோ, முன்பு 95-இல் நின்றது 100 தாண்டினாலோ அந்த வண்டிக்கு ஏர் டேம் வேண்டும். 105-ஐ நெருங்கினால் ஏசியை அணைத்து, வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டுங்கள்.

இந்தச் சோதனையை மலைப்பாதையில் செய்து ஏமாறாதீர்கள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு ஏறும்போதோ, ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவு ஏறும்போதோ வண்டி 25, 30 கிமீயில்தான் போகும். அந்த வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்றை இழுத்துக் கொடுப்பது ஃபேன். அங்கே சூடேறினால் ஃபேன் கிளட்ச், ரேடியேட்டர் துடுப்புகளில் அடைந்த தூசியும் பூச்சியும், கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட் என்று வரிசையாகப் பாருங்கள். மலையில் சூடேறி பைபாஸில் அடங்குகிறது என்றால் கோளாறு ஃபேன் பக்கம். பைபாஸில் ஏறி ஊருக்குள் இறங்குகிறது என்றால் காற்றோட்டம்: முதலில் ரேடியேட்டர் அடைப்பைப் பார்த்துவிட்டு, பிறகு ஏர் டேமுக்கு வாருங்கள்.

புது வண்டி வாரண்டியில் இருந்தால், கழற்றுவதற்கு முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய அசல் பட்டையைச் சுவரில் சாய்த்து வெயிலில் விடாதீர்கள். ஒரு கோடையிலேயே வளைந்து, திரும்ப மாட்டும்போது துளைகள் ஒத்துவராது. நிழலில், பரணில் நீளவாக்கில் கிடத்தி, போல்டுகளை ஒரு பையில் போட்டு அதோடு கட்டிவையுங்கள்.